மென்பொருளுக்கும் ஒரு ஜமாபந்தி

பசலி ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிடுவதால், அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி ஆகிய ஏழு தாலுகாக்களிலும் கிராமக் கணக்குகளை வரவழைத்துப் பரிசீலிக்கும் ஜமாபந்தி என்னும் சம்பிரதாயம் ஆண்டுதோறும் நடந்து வருகிறது. அடங்கல், சிட்டா, அ பதிவேடு என்று வழங்கும் அந்தக் கணக்குகளில் கடந்த ஓராண்டில் எந்த வரி மாறியது, யாருடைய உத்தரவின் பேரில் மாறியது, எந்தத் தேதியில் மாறியது என்பதை மேலதிகாரி ஒருவர் உட்கார்ந்து ஒத்துப்பார்ப்பதே அதன் சாரம். மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் ஜனங்களுக்கு அது குறை தீரும் நாள். சர்க்காருக்கோ, தன் கணக்கு தன் கைக்கு அடங்கியிருக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும் நாள்.

அந்தக் கணக்குகளில் பெரும்பகுதி இப்பொழுது காகிதத்தை விட்டுக் கணினிக்குப் போய்விட்டது. பட்டா மாறுதல் மனு இ-சேவை மையத்தில் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படிப்படியாகத் ‘தமிழ்நிலம்’ என்னும் மென்பொருளுக்குள்ளேயே பிரயாணம் செய்து, உத்தரவும் அதற்குள்ளேயே பிறந்துவிடுகிறது. இது நன்மைதான்; தாலுகா அலுவலக வாசலில் நாள் கணக்கில் காத்துக் கிடந்த தலைமுறையைக் கேட்டால் அதில் இரண்டாவது அபிப்பிராயம் சொல்ல மாட்டார்கள். ஆனால் கணக்கைத் தாங்கி நிற்கும் அந்த மென்பொருளும் மனிதர் எழுதிய எழுத்துத்தானே? அதிலும் அவ்வப்போது வரிகள் சேர்க்கப்படுகின்றன, நீக்கப்படுகின்றன, திருத்தப்படுகின்றன. அந்தத் திருத்தத்தைச் செய்தவர் யார், செய்யச் சொன்னவர் யார், எதற்காக என்பவற்றைப் பிரஜை ஒருவன் பார்க்கக்கூடிய பதிவேடு எங்கே இருக்கிறது? நிலக் கணக்கின் ஒவ்வொரு மாறுதலுக்கும் சாட்சி கேட்கிற நாம், அந்தக் கணக்கை எழுதும் யந்திரத்தின் மாறுதலுக்குச் சாட்சி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கட்சி.

நிரல் எழுதுகிறவர்களின் உலகத்துக்கு இந்தக் கேள்வி புதிதன்று. பலர் சேர்ந்து ஒரே நிரலை எழுதும்போது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அறியாமல் மேலெழுதி அழித்துவிடுவதும், நேற்றுவரை சரியாக ஓடியது இன்று ஓடாமற்போனால் எந்த வரியால் கெட்டது என்று தெரியாமல் எல்லோரும் விழிப்பதும் தொடக்க காலத்திலேயே தலைவேதனையாகிவிட்டன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் 1972-ஆம் ஆண்டிலேயே, மூலநிரலின் ஒவ்வொரு வடிவத்தையும் மாற்றங்களாகச் சேமித்து வைக்கும் ஒரு கருவியை உருவாக்கினார். இரண்டு கோப்புகளுக்கிடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்காட்டும் ‘டிஃப்’ என்ற கருவியும் அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான். அந்த வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் பெற்றுக்கொள்பவர் தம்மிடமுள்ள பிரதியில் அதைப் பொருத்திக்கொள்ளும்படியான ‘பேட்ச்’ என்ற சிறு கருவியை லாரி வால் 1985-இல் எழுதி வெளியிட்டார். திருத்தம் என்ற பொருளில் அதற்கு முன்பே வழங்கி வந்த சொல்லே அதற்குப் பெயராயிற்று. கட்டற்ற மென்பொருள்களுக்கென 1991-இல் வெளியான ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, மாற்றப்பட்ட ஒவ்வொரு கோப்பிலும் இன்னார் மாற்றினார், இன்ன தேதியில் மாற்றினார் என்ற அறிவிப்பு எடுப்பாக இருக்கவேண்டுமென்று நிபந்தனையே விதித்தது. அதாவது, மாற்றும் உரிமையை எவ்வளவுக்கெவ்வளவு தாராளமாக வழங்கினார்களோ, மாற்றியதை எழுதி வைக்கும் கடமையையும் அவ்வளவு கண்டிப்பாகச் சேர்த்தே வழங்கினார்கள்.

இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் ‘கிட்’ என்ற கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத்தைப் பராமரிப்பதற்காக எழுதினார். ஒவ்வொரு மாற்றமும் எழுதியவர் பெயர், நாள், நேரம், காரணக் குறிப்பு ஆகியவற்றோடு பதிவாவதுடன், தனக்கு முந்தைய மாற்றத்தின் அடையாள எண்ணையும் தன்னுள்ளே சுமந்து நிற்பது இதன் விசேஷம். அந்த அடையாள எண் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், எவரேனும் பழைய வரி ஒன்றை இரகசியமாகத் திருத்த முற்பட்டால் அதற்குப் பின்வரும் எல்லா எண்களும் மாறிப்போய், வேறிடத்திலுள்ள பிரதிகளோடு ஒத்துப்பார்த்த மாத்திரத்தில் திருட்டு வெளிப்பட்டுவிடும். ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகும் லினக்ஸ் கருவகத்தின் ஒவ்வொரு பதிப்பிலும் இவ்விதம் பதிவான மாற்றங்கள் பத்தாயிரத்துக்கு மேல். அவற்றில் எதை எடுத்தாலும், இதற்கு நான் பொறுப்பு என்று பெயரிட்டு ஒப்பமிட்டவர் ஒருவராவது இருப்பார். அந்த ஒப்பமிடும் வழக்கமும் சும்மா வந்துவிடவில்லை. லினக்ஸில் தங்கள் நிரல் களவாடிச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கூறி எஸ்சிஓ என்ற நிறுவனம் ஐபிஎம் மீது 2003-இல் வழக்குத் தொடுத்ததன் பின்னர், எந்த வரி எவரிடமிருந்து வந்தது என்று நிரூபிக்கவேண்டிய அவசியம் நேர்ந்ததால் மறு ஆண்டே ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு அது.

இனித் தருமபுரிக்குத் திரும்புவோம். எழுதி வைத்தல் என்ற விஷயத்தில் பிறருக்குப் பாடம் சொல்லத்தக்க மாவட்டம் இது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து, இப்பகுதி அடங்கிய பாராமகால் பிரதேசம் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு மாறியபோது, அதை நிர்வகிக்க அனுப்பப்பட்ட கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ, மக்லியோட், கிரஹாம் ஆகியோரும் வயல் வயலாக அளந்து, விவசாயி ஒவ்வொருவனுடனும் நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் முறையை இங்கேதான் செப்பனிட்டார்கள். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னராக விளங்கிய மன்றோ, 1799 வரை இப்பகுதியில் வேலை பார்த்தவர்; தருமபுரியில் வசித்தவர். அவர்கள் நோக்கம் வரி வசூல் என்பதில் சந்தேகமில்லை. குடியானவன்மீது கொண்ட கருணையால் எவரும் கடல் தாண்டி வரவில்லை. ஆயினும் அவர்கள் எழுதி வைத்தார்கள். முடிவை மட்டும் எழுதாமல், அந்த முடிவுக்கு வந்த காரணத்தையும், அதற்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதத்தையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள்.

முதலில் நெடுங்காலக் குத்தகையே உத்தமம் என்று எண்ணியிருந்த ரீட், 1796-ஆம் ஆண்டு தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, விவசாயி தன் நிலத்தை விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்று பிரகடனம் செய்தாரே, அந்த மனமாற்றத்தின் சரித்திரம் முழுவதையும் நாம் இன்றும் படிக்க முடிகிறது. அக்கடிதங்களும் கணக்குகளும் ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரில் 1907 முதல் சென்னை அரசாங்கத்தாரால் பல பகுதிகளாக அச்சிடப்பட்டன. இரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் ரீட் சரியா, அவருடைய உதவியாளர்கள் சரியா என்று சரித்திர ஆசிரியர்கள் சண்டை போடுவதற்கு இடமிருக்கிறதென்றால், அதற்குக் காரணம் அந்த எழுத்துத்தான். நம் நிலக் கணக்கு மென்பொருளில் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு விதி ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது என்று இன்று கேட்டால் பதில் சொல்ல அத்தகைய ஏடு இருக்குமா?

காகிதக் கணக்கின் ஒழுங்கைப் பழைய வருவாய்த்துறை ஊழியர்கள் அறிவார்கள். தவறாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கக் கூடாது. பழைய எழுத்துப் படிக்கத் தெரியும்படியாக அடித்து, மேலே புதியதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடவேண்டும். அடிக்கப்பட்ட எழுத்து அவமானமன்று. சுரண்டப்பட்ட எழுத்தே குற்றம். இந்த ஒரு நியதியைத்தான், கிட் போன்ற கருவிகள் காத்துவரும் நிரற் களஞ்சியங்களும் வேறு வேஷத்தில் கைக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய ஊனமும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நியாயம். பரம்பரைக் கர்ணம் என்னும் ஊர்க் கணக்குப்பிள்ளை இருந்த காலத்தில் கணக்கு ஊருக்குச் சொந்தமென்பது பெயரளவில்தான். நடைமுறையில் அது அவர் வீட்டுப் பெட்டியிலும் அவர் ஞாபகத்திலும் இருந்தது. எந்தச் சர்வே எண்ணுக்கு எந்த வாய்க்கால் பாத்தியம், எந்தப் புறம்போக்கில் யார் எத்தனை நாளாக உழுகிறார் என்பதெல்லாம் அவர் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. 1980-இல் அந்தக் கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டதற்கு அரசியல் காரணங்களும் சொல்லப்பட்டதுண்டு. ஆனால் ஊரார் கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருக்கக் கூடாது என்ற தத்துவத்தை இன்று எவரும் மறுப்பதில்லை. ஒப்பந்த நிறுவனம் ஒன்றோ, ஓர் அலுவலகத்தின் மூலையில் அமர்ந்திருக்கும் இரண்டு மூன்று நிரலாளர்களோ மட்டுமே ஒரு மென்பொருளின் உட்புறத்தை அறிந்திருக்கும்படி விட்டுவிட்டால், ஒழித்த கர்ணத்தை வேறு உருவத்தில் மறுபடி நியமித்தவர்களாகிறோம். அந்த நிரலாளர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அவரோடு கணக்கின் காரணமும் போய்விடும்.

இதனால் குடியானவனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கற்பனை உதாரணம். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பயிரிடும் ஒருவருக்கு ஓர் ஏக்கர் நிலம் உண்டென்று வைத்துக்கொள்வோம். அவர் வாயில் அது ஏக்கர், சென்ட். பட்டாவிலோ அது 0 ஹெக்டேர் 40.50 ஏர். மென்பொருளின் ஏதோ ஒரு புதிய பதிப்பில், அறிக்கை அச்சிடும் பகுதியைச் சீர்செய்யும் நிரலாளர் ஒருவர், புள்ளிக்குப் பின்னுள்ள எண்களை வெட்டிவிடும்படி ஒரு வரியை மாற்றிவிட்டால், மறுநாள் காலையில் அவர் பட்டாவில் 40 ஏர் என்று நிற்கும். குறைந்தது அரை ஏர். அதாவது 50 சதுர மீட்டர். நம் வழக்கில் 538 சதுர அடி. அளவாக ஒரு வீடு கட்டிக்கொள்ளும் இடம். எவரும் லஞ்சம் வாங்கவில்லை, எவரும் போலி ஆவணம் தயாரிக்கவில்லை, பட்டா மாறுதல் உத்தரவு எதுவும் பிறக்கவில்லை. ஆகவே பட்டாவின் மாறுதல் ஏட்டை எத்தனை முறை புரட்டினாலும் காரணம் அகப்படாது. ஏனென்றால் மாறியது பட்டா அன்று, பட்டாவை எழுதும் கை. அந்தக் கையின் மாற்றப் பதிவேடு இருந்தால் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்து, அந்த ஒரு வரியைத் திருப்பி வைத்து, பாதிக்கப்பட்ட பட்டாக்களையெல்லாம் ஒரே நாளில் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு விவசாயியும் தனித்தனி மனுவோடு தாலுகா அலுவலகத்துக்கு அலையவேண்டியதுதான்.

மாவட்டங்களே மாறுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். 1965 அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஓசூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறையாக ஒரே நிலத்தில் இருந்தும் அதன் பத்திரங்களில் மூன்று மாவட்டங்களின் பெயர்கள் இருக்கும். எந்தத் தேதிவரை எந்தப் பெயர் செல்லும் என்ற விவரத்தை நிரலுக்குள் யாரோ ஒருவர் எழுதித்தானே ஆகவேண்டும்? அவ்விடத்தில் தேதி ஒன்று பிசகினால் விளையும் குழப்பத்தை வாசகரின் ஊகத்துக்கே விடுகிறேன்.

வெளியுலகத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள் இந்தப் பதிவேட்டின் பலத்தையும் எல்லையையும் விளக்கும். 2003 நவம்பரில், லினக்ஸ் கருவகத்தின் மூலநிரலுக்கு இருந்த ஒரு பிரதிக் களஞ்சியத்தில் இரண்டே வரிகள் புதிதாக முளைத்திருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் ஏதோ பிழைச் சோதனை போலத் தோன்றும் அவ்வரிகளில், இரண்டு மதிப்புகள் சமமா என்று ஒப்பிடும் இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக, மதிப்பை மாற்றி அமைக்கும் ஒற்றைச் சமக்குறி இடப்பட்டிருந்தது. அதன் பலனாக, அந்த வழியை அறிந்த எவரும் கணினியின் சர்வாதிகாரியாக ஆகிவிடலாம். அதைக் காட்டிக் கொடுத்தது நிரலாளர் எவருடைய கூர்மையான கண்ணும் அன்று. பிரதான களஞ்சியத்தில் இந்த மாற்றத்துக்கு அங்கீகாரம் பெற்ற பதிவு ஏதும் இல்லாமையே காட்டிக் கொடுத்தது. உத்தரவு இல்லாத மாறுதல் என்று கணக்கு ஒத்துப்பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த வரிகள் எவர் கணினிக்கும் போய்ச் சேருமுன் நீக்கப்பட்டன.

2024-இல் நடந்தது இதைவிட நுட்பமானது. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்ற கருவி, உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருப்பது. ஊதியமில்லாத ஒருவரின் உழைப்பில் நடந்து வந்தது. 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பி நன்மதிப்புப் பெற்று, படிப்படியாகப் பராமரிப்பாளர்களில் ஒருவராகவே ஆகி, 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளவழியைச் செருகிவிட்டார். தம் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்து, மார்ச் 29-ஆம் தேதி உலகத்துக்கு அறிவித்தார். கள்ளவழியைத் திறந்துவிடும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. பயனர்களுக்கென்று கட்டி வெளியிடப்பட்ட பொதியில் மட்டுமே இருந்தன. ஏட்டில் ஒன்று, வெளியீட்டில் ஒன்று. ஆகவே பதிவேடு வைப்பது போதாது. வெளியிட்ட பொருள் பதிவேட்டோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பவர் ஒருவரும் வேண்டும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: பதிவேடு ஒரு பெயரைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. ஜியா டான் என்பவர் யார் என்பது இன்றுவரை வெளியாகவில்லை.

ஆயினும் சாமானிய ஜனங்களின் வாழ்க்கையைச் சீரழித்த விதத்தில் இங்கிலாந்துத் தபால் துறையின் ‘ஹொரைசன்’ விவகாரத்துக்கு இணையானது வேறில்லை. 1999 முதல் கிளைத் தபால் நிலையங்களில் ஃப்யூஜிட்சு நிறுவனத்தின் அந்தக் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்ட பின், கல்லாவில் இருக்கவேண்டிய தொகைக்கும் கணினி காட்டிய தொகைக்கும் இடையே காரணம் தெரியாத பற்றாக்குறைகள் தோன்றின. கணினி தவறாது என்று நிர்வாகம் சாதித்தது. குறையும் பணத்தைத் தங்கள் கையிலிருந்து கட்டிக் கடனாளி ஆனவர்கள் பலர். களவு என்றும் பொய்க்கணக்கு என்றும் 2015 வரை தண்டிக்கப்பட்டவர்கள் 900 பேருக்கு மேல். சிறைக்குப் போனவர்களும் உண்டு. மென்பொருளில் இன்னின்ன பிழைகள் இருக்கின்றன என்று அதைப் பராமரித்தவர்களே எழுதி வைத்திருந்த ‘தெரிந்த பிழைகளின் பதிவேடு’ ஒன்று உள்ளே இருந்துகொண்டே இருந்தது. தண்டிக்கப்பட்டவனுக்கு அது கிடைக்கவில்லை. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், அது தேவையற்றது என்ற ஆட்சேபணைகளையெல்லாம் கடந்து அந்தப் பதிவேடு நீதிபதியின் மேசைக்கு வந்த பிறகே, தபாலதிபருக்குத் தெரியாமலேயே தொலைவிலிருந்து கிளைக் கணக்கை மாற்ற முடியும் என்பதும், பிழைகளால் பற்றாக்குறை தோன்றும் என்பதும் 2019 டிசம்பரில் தீர்ப்பாக எழுதப்பட்டன. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்துச் செய்ய 2024 மே மாதத்தில் பார்லிமெண்டு தனிச்சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. அந்தப் பதிவேட்டை முதலிலேயே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!

நம் தேசத்தில் கொள்கைக்குப் பஞ்சமில்லை. அரசாங்கப் பயன்பாடுகளின் மூலநிரலைத் திறந்து வைத்துக் கூட்டாக வளர்க்கவேண்டும் என்று மத்திய அரசு 2015-இலேயே ஒரு கொள்கையை வெளியிட்டது. அதற்கென ‘ஓப்பன்ஃபோர்ஜ்’ என்ற களஞ்சியத் தளமும் நிறுவப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் 2020 ஏப்ரல் 2-ஆம் தேதி வெளியான ‘ஆரோக்ய சேது’ செயலியின் ஆண்ட்ராய்டு மூலநிரல், பலமான கண்டனங்களுக்குப் பிறகு மே 26-ஆம் தேதி பொதுவெளியில் வைக்கப்பட்டது. அதற்குள் பதினோரு கோடிக்கு மேற்பட்டவர்கள் அதைத் தங்கள் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு விட்டார்கள். சேவையகப் பகுதியின் நிரல் அன்றைக்கு வெளிவரவில்லை. செய்தது நல்ல காரியமே. அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் மூடிய அறையில் வளர்ந்த நிரலை ஒருநாள் மொத்தமாகக் கொண்டுவந்து வைப்பது வேறு, ஒவ்வொரு மாற்றமும் நிகழும்போதே ஊரறியப் பதிவு செய்வது வேறு. முன்னதில் நமக்குக் கிடைப்பது ஒரு பிரதி. பின்னதில்தான் சரித்திரம் கிடைக்கிறது.

ஆட்சேபணை சொல்வோர் இருக்கிறார்கள். நிரலை வெளியே வைத்தால் திருடனுக்கு வீட்டின் வரைபடம் கொடுத்ததாகும் என்பார்கள். நிரல் வேறு, அதற்குள் ஓடும் தகவல் வேறு. பட்டாதாரரின் ஆதார் எண்ணோ கைப்பேசி எண்ணோ கடவுச்சொல்லோ எந்தக் களஞ்சியத்திலும் இருக்கக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யும் பேட்ச்சின் விவரத்தைப் பழுது நீங்கும்வரை அடக்கி வைத்து, நீங்கிய பின் வெளியிடும் வழக்கமும் உலகெங்கும் நன்றாக வேரூன்றியிருக்கிறது. முழு நிரலையும் வெளியிட இன்றே துணிவில்லை என்றால், மாற்றப் பதிவேட்டையாவது வெளியிடலாம். அதற்கு எந்த இரகசியமும் தடை நிற்காது.

ஆனால் எப்படிப்பட்ட பதிவேடு என்பதில் ஏமாந்துவிடக் கூடாது. ‘பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது’ என்று கைப்பேசிச் செயலிகள் வாரந்தோறும் ஓதுகின்றனவே, அது பதிவேடு அன்று; கடிதத்தில் க்ஷேமம் விசாரிப்பதைப் போன்ற உபசாரம். நிரலாளர்களிலும் சோம்பேறிகள் உண்டு. இரவு பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்த அலுப்பில் ‘சிறு திருத்தம்’ என்று ஒரு வார்த்தையை எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் சிறு திருத்தத்தின் பொருளைக் கண்டுபிடிக்க இன்னொருவன் இரண்டு நாள் தூக்கத்தை விடுவான். உருப்படியான குறிப்பு எப்படி இருக்கும்? ‘கூட்டுப் பட்டாவில் வாரிசு பெயர் சேர்க்கும்போது, ஏற்கெனவே உள்ள பங்குதாரரின் தந்தை பெயர் மறைந்துவிடுவதாக இன்ன வட்டத்திலிருந்து புகார் வந்தது, காரணம் இன்ன வரி, அது இன்ன தேதியில் சேர்க்கப்பட்டது, இதனால் பாதிக்கப்பட்ட பட்டாக்களைப் பட்டியலிட்டு வட்டாட்சியர்களுக்கு அனுப்பியாயிற்று, திருத்தியவர் இன்னார், சரிபார்த்தவர் இன்னார்’ என்று இருக்கவேண்டும். அதுவும் தமிழில் இருக்கவேண்டும். அந்த மென்பொருளை நாள்தோறும் கையாளும் கிராம நிர்வாக அலுவலரும், அதன் பலனை அனுபவிக்கும் விவசாயியும் படித்து, ‘இதுதான் எனக்கும் நேர்ந்தது’ என்று சுட்டிக்காட்ட அப்பொழுதுதான் வழி பிறக்கும்.

இத்தகைய பதிவேட்டைப் படித்துத் தணிக்கை செய்ய ஆள் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. தருமபுரியை அடுத்த செட்டிக்கரையில் அரசு பொறியியற் கல்லூரி 2013 முதல் நடந்து வருகிறது. விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடிக் கிராமத்து மாணவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். ‘கணியம்’ அமைப்பினர் 2012 தொடங்கித் தமிழிலேயே இவ்விஷயங்களை எழுதி வருகிறார்கள். ஒரு களஞ்சியத்தில் மாற்றம் எவ்வாறு பதிவாகிறது, ஒரு பேட்ச்சை எவ்வாறு வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பது என்ற பயிற்சியைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் வைக்காமல், பொது மென்பொருள்களைக் கொண்டே மாணவர்களுக்கு அளித்தால், ஐந்தாறு ஆண்டுகளில் இம்மாவட்டத்திலேயே அத்தணிக்கையைச் செய்யக்கூடியவர்கள் கிடைப்பார்கள். பெங்களூருக்குப் பஸ் ஏறும் இளைஞர்களில் எத்தனையோ பேர் அங்கே அன்றாடம் செய்யும் வேலைதான் இது.

வருவாய்த்துறையாரிடமும் மென்பொருளைப் பராமரிக்கும் தேசியத் தகவலியல் மையத்தாரிடமும் நான் வேண்டுவது பெரிய காரியம் அன்று. நிலக் கணக்கு மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பும் நடைமுறைக்கு வரும் நாளில், அதில் மாறியவை என்ன, ஏன் மாறின, யார் அங்கீகரித்தார் என்ற ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி, இணையத்தில் நிரந்தரமாக வையுங்கள். பழைய பக்கங்களை ஒருபோதும் நீக்காதீர்கள். தாலுகா அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒரு பிரதி ஒட்டுங்கள். பட்டா வைத்திருக்கும் வாசகர்கள் அடுத்த ஜமாபந்திக்கு மனுவோடு போகும்போது, அந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.